இருப்பதைக் கொண்டு வீட்டிலேயே டம்ப்ளிங்

ஒரு பொட்டலம் மைதா, அரை முட்டைக்கோஸ், ஒரு கேரட், இரண்டு வெங்காயம், மூன்று முட்டை. வீட்டில் இவ்வளவுதான் இருக்கிறது, தயாராக வெட்டி விற்கும் மேல்மாவுத் தாள் கிடைக்கவில்லை, ஆவியில் வேகவைக்க மூங்கில் தட்டும் இல்லை, இதை வைத்து டம்ப்ளிங் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்ற முறை செய்தவை கொதிநீரில் வாய் பிளந்து பூரணமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது, அதற்கு என்ன காரணம் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன.

தாராளமாகச் செய்யலாம். உங்களிடம் இருப்பது குறைவே இல்லை. டம்ப்ளிங்கின் அடிப்படை மாவும் தண்ணீரும்தான். உள்ளே சுவையாக ஏதாவது கொஞ்சம் இருக்க வேண்டும், அவ்வளவே. சீனாவின் ஜியாவோஸி, ஜப்பானின் கியோஸா, கொரியாவின் மாண்டு, திபெத்திலும் நேபாளத்திலும் மோமோ, துருக்கியின் மந்தி, ரஷ்யாவின் பெல்மேனி, போலந்தின் பியரோகி என்று எதை எடுத்தாலும் அடிப்படை இதுதான். சீனாவின் துர்பான் பகுதியில் உள்ள அஸ்தானா கல்லறைகளில் தாங் வம்சக் காலத்துப் பிறை வடிவ டம்ப்ளிங்குகள் பாலைவன வறட்சியில் காய்ந்து, உருக்குலையாமல் கிடைத்திருக்கின்றன. தாங் ஆட்சி நடந்தது 618 முதல் 907 வரை. இன்று நாம் மடிக்கும் அதே அரைவட்ட மடிப்புதான் அவற்றிலும். மைதாவும் கையும் அடுப்பும் இருக்கும் வீட்டில் இது முடியாது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

பொருள் பட்டியலைவிடத் தண்ணீரின் மேல்தான் கண் இருக்க வேண்டும். மாவில் எவ்வளவு தண்ணீர், பூரணத்தில் எவ்வளவு தண்ணீர், மடிப்பின் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா, பாத்திரத்தில் தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது என்ற நான்கையும் சரியாக வைத்துக்கொண்டால் முட்டைக்கோஸும் வெங்காயமும்கூட அருமையான டம்ப்ளிங் தரும். இவற்றில் ஒன்று தவறினாலும் விலை உயர்ந்த இறைச்சி வைத்தாலும் பயனில்லை. உங்களுடையவை பிரிந்ததற்குப் பெரும்பாலும் பூரணத்தின் ஈரமே காரணமாக இருக்கும். அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் மாவு.

எடையில் இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 250 கிராம் மைதாவுக்கு 125 மில்லி. தராசு இல்லாவிட்டால் ஒரே கிண்ணத்தால் இரண்டையும் அளக்கலாம்: நான்கு கிண்ணம் மாவுக்கு ஒரு கிண்ணத்தைவிட மிகச் சற்றே கூடுதலான தண்ணீர். கால் தேக்கரண்டி உப்பு சேர்த்தால் மாவு இன்னும் இழுவையாக வரும். மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதமான குளூட்டனை உப்பு இறுக்குகிறது. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே முள்கரண்டியாலோ விரல் நுனியாலோ கலக்குங்கள். முதலில் உதிரி உதிரியாக இருக்கும். அதைத் திரட்டி அழுத்தும்போது, ‘இது போதவே போதாது, இன்னும் தண்ணீர் வேண்டும்’ என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பலரும் கூடுதலாக ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். மூடிவைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். மாவு தண்ணீரைத் தானாகவே இழுத்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு ஐந்து நிமிடம் பிசைந்தால் வழுவழுப்பாகிவிடும். காது மடலைத் தொட்டால் எப்படி இருக்கிறதோ, மாவும் அந்தப் பதத்தில் இருக்க வேண்டும். கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். அழுத்தும்போது ஓரம் வெடித்தால் கையை மட்டும் ஈரமாக்கிக்கொண்டு மேலும் கொஞ்சம் பிசைந்தால் போதும்.

பிசைந்த பின் ஈரத் துணி மூடி அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிசைந்த உடனே தேய்த்தால் மாவு இழுத்த இழுப்புக்கு வராது. தேய்த்த வட்டம் திரும்பச் சுருங்கும். பிசையும்போது இறுகிய குளூட்டன் தளர்வதற்குத்தான் இந்த நேரம். அவசரம் என்றால் பிசைவதைக் குறைத்துக்கொள்ளலாம், ஓய்வைக் குறைக்கக் கூடாது.

மேலே சொன்னது கொதிநீரில் வேகவைக்கும் டம்ப்ளிங்குக்கான குளிர்நீர் மாவு. ஆவியில் வேகவைக்கவோ தவாவில் பொன்னிறமாக்கவோ போகிறீர்கள் என்றால் கொதிக்கும் தண்ணீரில் பிசைவது நல்லது. வெந்நீர் பட்டதும் மாவுச்சத்தில் ஒரு பகுதி அப்போதே வெந்து தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, குளூட்டனும் வலுவிழக்கிறது. அதனால் மாவு மென்மையாகத் தேயும், திரும்பச் சுருங்காது. வெந்த பிறகும் ரப்பர்போல ஆகாமல் பதமாக இருக்கும். இதற்கு 250 கிராம் மாவுக்கு 150 மில்லி வரை தண்ணீர் பிடிக்கும். கரண்டியால் கலக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் பிசையுங்கள். ஆனால் இந்த மாவைப் பொங்கும் தண்ணீரில் போட்டால் சீக்கிரம் குழைந்துவிடும். சென்ற முறை வெந்நீரில் பிசைந்து, பிறகு கொதிநீரில் போட்டீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

மைதா குறைவாக இருந்தால் பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்க்கலாம். முழுக்கக் கோதுமை மாவிலும் செய்யலாம். எனக்கு அதன் மணம் மிகவும் பிடிக்கும், குறிப்பாகக் காளான் பூரணத்தோடு. தவிடு அதிகத் தண்ணீர் குடிக்கும், ஆகவே 250 கிராமுக்கு 150 முதல் 160 மில்லி வரை தேவைப்படும். தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் இழைகளை அறுப்பதால் மைதா அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்க முடியாது, ஓய்வு நேரமும் முக்கால் மணியாவது வேண்டும். அரிசி மாவில் குளூட்டனே இல்லை. அது வேறு செய்முறை, இங்கே அதைக் கலக்க வேண்டாம்.

மாவு ஓய்வெடுக்கும் அந்த அரை மணி நேரம்தான் பூரணத்துக்கான நேரம்.

உங்களிடம் இருப்பதில் முட்டைக்கோஸ்தான் நாயகன், சிக்கலும் அதில்தான். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர். பச்சையாக நறுக்கிப் பூரணமாக வைத்தால், உப்பு பட்டதும் அந்தத் தண்ணீர் கசிய ஆரம்பிக்கும். மடிப்பின் ஓரம் நனையும், அடிப்பக்கம் ஊறும், கொதிநீரில் போட்டதும் முதலில் ஓரம் விட்டுக்கொடுக்கும். நீங்கள் பார்த்த வாய் பிளப்பு இதுதான். ஆகவே தண்ணீரை முன்கூட்டியே வெளியே எடுத்துவிட வேண்டும். 300 கிராம் முட்டைக்கோஸை மிகப் பொடியாக நறுக்கி, முக்கால் தேக்கரண்டி உப்பு தூவிப் பிசிறி, இருபது நிமிடம் வைத்துவிடுங்கள். பிறகு ஒரு மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். மென்மையாகப் பிழிவதில் பொருளில்லை; கை வலிக்கும் வரை பிழிய வேண்டும். ஒரு சிறு கிண்ணம் நிறைய வரும் தண்ணீரைப் பார்த்தால் இவ்வளவும் உள்ளே இருந்ததா என்று வியப்பாக இருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள். உப்பும் காயின் இனிப்பும் கலந்த அந்தத் தண்ணீரை ஒரு சூப்பில் சேர்க்கலாம். உப்பு மட்டும் பார்த்துப் போடுங்கள்.

வெங்காயத்தைப் பச்சையாக வைக்காதீர்கள். பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், இருந்தால் இரண்டு பல் பூண்டும் ஒரு சிறு துண்டு இஞ்சியும் சேர்த்து, ஓரங்கள் பழுப்பாகும் வரை வதக்குங்கள். இறைச்சி இல்லாத பூரணத்தில் ஆழமான சுவையைக் கொண்டுவருவது இந்தப் பழுப்புதான். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்தால் பூரணம் சப்பென்று இருக்கும். துருவிய கேரட்டையும் அதே எண்ணெயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். கேரட்டின் நிறம் கொழுப்பில் கரையக்கூடியது, எண்ணெய் பொன்னிறமாகிப் பூரணம் முழுவதும் பரவும். மூன்று முட்டையை உடைத்து அடித்து, தனியாகச் சிறு சிறு துணுக்குகளாக வரும்படி கிளறி எடுங்கள். சற்று வறண்டே இருக்கட்டும். கிளறிய முட்டையும் காயும் சேர்ந்த பூரணம் வட சீனாவில் பலர் வீட்டிலும் செய்வது. அங்கே முட்டையோடு பூண்டு மணமுள்ள ஒரு கீரைத்தாளைச் சேர்ப்பார்கள். வெங்காயத்தாள் கைவசம் இருந்தால் உங்களுக்கும் அதே வேலையைச் செய்யும்.

எல்லாவற்றையும் நன்றாக ஆறவிட்ட பிறகே கலக்க வேண்டும். சூடான பூரணம் மாவின் உள்பக்கத்தில் ஆவியை விட்டு அதைப் பிசுபிசுப்பாக்கிவிடும். கலக்கும்போதும் ஒரு வரிசை உண்டு: முதலில் காய்களின் மேல் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிப் பிசிறுங்கள், அடுத்து மிளகுத்தூள், கடைசியாக சோயா சாஸோ உப்போ. எண்ணெய்ப் பூச்சு முதலில் ஏறிவிட்டால் பின்னால் வரும் உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுப்பது தாமதமாகும். சீனச் சமையல்காரர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. செய்து பார்த்தால் வித்தியாசம் கிண்ணத்தின் அடியில் தெரியும், தண்ணீர் தேங்காது.

சுவை பாருங்கள். மேல்மாவு கிட்டத்தட்ட சப்பென்றுதான் இருக்கும், ஆகவே பூரணம் தனியாகச் சாப்பிடும்போது ஒரு சொட்டு அதிகக் காரமாகவும் உப்பாகவும் இருந்தால்தான் சேர்ந்து சாப்பிடும்போது சரியாக வரும். பிறகு ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலிடுக்கில் தண்ணீர் வராமல் இருந்தால் பூரணம் தயார். நீர் கசிந்தால் ஒரு தேக்கரண்டி சோள மாவு, அல்லது பொடித்த ரொட்டித்தூள், அல்லது மிஞ்சிய சோற்றை மசித்துச் சேர்க்கலாம். இவை நீரை உறிஞ்சும். ஆனால் பிழிவதற்கு ஈடாக இவற்றை நம்பாதீர்கள், அளவு கூடினால் பூரணம் பசையாகிவிடும்.

வேறு நாட்களில் வேறு பொருள்கள் இருக்கும். எதை வைக்கலாம் என்று கேட்டால், அதன் தண்ணீரை என்ன செய்வது என்று மட்டும் யோசியுங்கள். காளானை எண்ணெய் இல்லாமல் சூடான வாணலியில் போட்டு, அது விடும் நீர் முழுவதும் வற்றும் வரை வதக்க வேண்டும். சுவை சுண்டி இறுகிவிடும். கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து முட்டைக்கோஸைப் போலவே பிழிய வேண்டும். பனீரையும் டோஃபுவையும் கனமான பாத்திரம் வைத்து அழுத்திப் பின் உதிர்க்க வேண்டும். உருளைக்கிழங்குதான் எல்லாவற்றிலும் சுலபம்: வேகவைத்து, ஆவி போக விட்டு, மசித்து, வதக்கிய வெங்காயமும் ஏராளமான மிளகும் சேர்த்தால் முடிந்தது. போலந்துக்காரர்கள் அதனுடன் புளித்த பாலாடைக்கட்டி சேர்த்துப் பியரோகி செய்கிறார்கள், மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம் போட்டுப் பரிமாறுகிறார்கள். மாவுக்குள் கிழங்கா என்று தயங்க வேண்டாம். அந்தச் சேர்க்கை மிக நன்றாகவே இருக்கும். தக்காளியையும் வெள்ளரியையும் மட்டும் பூரணத்தில் சேர்க்க மாட்டேன்.

இறைச்சிக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. கொத்திய இறைச்சிக்குத் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். 250 கிராமுக்கு அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக உப்புப் போட்டு, ஒரே திசையில் விடாமல் கலக்குங்கள். உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும், கலவை ஒட்டும் பசையாக மாறும். அந்த நிலையில் ஒவ்வொரு கரண்டியாக 50 முதல் 75 மில்லி வரை தண்ணீரோ சூப்போ ஊற்றி, ஒவ்வொன்றும் உள்ளே மறைந்த பிறகு அடுத்ததை ஊற்றுங்கள். அந்தப் பசை தண்ணீரைப் பிடித்துவைத்திருந்து வேகும்போது சாறாகத் திருப்பித் தருகிறது. கொழுப்பில்லாத கோழி நெஞ்சுக்கறி என்றால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் தேவை, இல்லையென்றால் வறண்டுபோகும். பச்சை இறைச்சிக் கலவையை வாயில் வைத்துச் சுவை பார்க்கக் கூடாது; நெல்லிக்காய் அளவு எடுத்து வாணலியில் பொரித்துப் பாருங்கள்.

இனித் தேய்ப்பது. 250 கிராம் மைதாவில் 375 கிராம் மாவு வரும். பத்து கிராம் உருண்டைகளாகப் பிரித்தால் முப்பத்தைந்துக்கும் மேல் டம்ப்ளிங் கிடைக்கும். மாவைக் கயிறாக உருட்டி, சம அளவில் வெட்டி, வேலை நடக்கும் துண்டைத் தவிர மற்றவற்றைத் துணியால் மூடிவைத்திருங்கள். பூரிக்கட்டை இல்லாவிட்டால் வழவழப்பான கண்ணாடிப் பாட்டில் போதும். உருண்டையை உள்ளங்கையால் தட்டி, ஓரத்திலிருந்து நடுவரைக்கும் மட்டுமே கட்டையை ஓட்டி, ஒவ்வொரு ஓட்டுக்கும் வட்டத்தைக் கொஞ்சம் திருப்புங்கள். இப்படிச் செய்தால் நடுப்பகுதி 2 மில்லிமீட்டர், ஓரம் 1 மில்லிமீட்டர் அளவில், 8 அல்லது 9 செண்டிமீட்டர் வட்டமாக வரும். நடு தடிமனாக இருக்க வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது: பூரணத்தின் கனமும் ஈரமும் அங்கேதான் தங்குகின்றன. ஓரம் மெல்லியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மடிக்கும்போது இரண்டு ஓரமும் சேர்ந்து இரட்டைத் தடிமனாகும். முதலிலேயே தடித்திருந்தால் அந்த இடம் வேகாமல் நறநறக்கும். கை பழகும் வரை பெரிய தாளாகத் தேய்த்து டப்பா மூடியால் வட்டம் போட்டுக்கொள்வதிலும் தவறில்லை. அப்போது ஓரங்களை மட்டும் விரலால் அழுத்தி மெல்லியதாக்குங்கள். மிஞ்சும் துண்டுகளை மறுபடி பிசைந்தால் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டுத் தேயுங்கள்.

மடிப்பில் அழகைவிட ஒட்டுதல் முக்கியம். வட்டத்தை உள்ளங்கையில் வைத்து நடுவில் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் பூரணம் வையுங்கள். ஆசைப்பட்டு அதிகம் வைக்காதீர்கள். ஓரத்தில் ஒரு செண்டிமீட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் பட்ட இடமும் உலர்மாவு படிந்த இடமும் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. ஆகவே தேய்க்கும்போது தூவும் மாவையும் அளவோடு வையுங்கள், மேல்பக்கத்தில் படிந்ததைத் தட்டிவிடுங்கள். அன்றே பிசைந்த மாவு தானாகவே ஒட்டும். கொஞ்சம் காய்ந்திருந்தால் மட்டும் விரலைத் தண்ணீரில் தொட்டு ஓரத்தில் மெல்ல இழுங்கள். முதலில் நடுவில் கிள்ளிச் சேர்த்து, பிறகு இரு பக்கமும் பூரணத்தை ஒட்டியே அழுத்திக்கொண்டு போங்கள். உள்ளே காற்று சிக்கினால் வேகும்போது அது விரிந்து மாவைக் கிழித்துவிடும். அரைவட்டமாக நன்றாக மூடிய டம்ப்ளிங் போதுமானது. கொசுவம் வைத்து மடிப்பது கண்ணுக்கு மட்டுமில்லை, ஒரு பக்கம் மட்டும் மடிப்பு வைத்தால் டம்ப்ளிங் வளைந்து அடிப்பாகம் தட்டையாகி, தவாவில் சாயாமல் உட்காரும். அந்த வகை செய்யும்போது பழகிக்கொள்ளலாம்.

மடித்து முடித்தவற்றை மாவு தூவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து உடனே வேகவைக்க வேண்டும். பூரணத்தை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே காக்க வைத்தால் எவ்வளவு பிழிந்திருந்தாலும் அடி ஊறத்தான் செய்யும்.

கொதிநீரில் வேகவைக்க அகலமான பெரிய பாத்திரம் எடுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் டம்ப்ளிங் விழுந்ததும் சூடு இறங்கி, மீண்டும் கொதிப்பதற்குள் மாவு கரைய ஆரம்பிக்கும். நன்றாகக் கொதிக்கும்போது, ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பதினைந்துக்கு மேல் போகாமல் போட்டு, உடனே கரண்டியின் பின்பக்கத்தால் அடியை ஒரு சுற்று மெதுவாகத் தள்ளிவிடுங்கள், ஒட்டாமல் இருக்கும். மீண்டும் கொதி வந்ததும் அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் இன்னொரு முறை. மூன்றாவது முறை கொதிக்கும்போது எடுத்துவிடலாம். சீன வீடுகளில் பழங்காலமாகச் செய்யும் முறை இது, அதற்குள் தெளிவான காரணம் இருக்கிறது: தளதளவென்று தொடர்ந்து கொதித்தால் மேல்மாவு அடிபட்டுக் கிழிகிறது, குளிர்நீர் அந்த வேகத்தை அடக்கி உள்ளே வேக நேரம் தருகிறது. மொத்தம் ஆறேழு நிமிடம் ஆகும். மிதந்துவிட்டதே, வெந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் விரிவதால்தான் அது மிதக்கிறது. காய்ப் பூரணத்துக்கு அதன் பிறகு ஒரு நிமிடமும் இறைச்சிக்கு மூன்று நிமிடமும் கொடுங்கள். இறைச்சி வைத்திருந்தால் ஒன்றை வெட்டி நடுப்பகுதியைப் பார்த்துவிடுவதே பாதுகாப்பு. வெப்பமானி இருந்தால் கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ்.

ஆவிக்கு மூங்கில் தட்டு தேவையே இல்லை. அகலமான பாத்திரத்தில் ஒரு தாங்கி, அதன் மேல் துளையுள்ள தட்டு, இறுக்கமான மூடி, இவ்வளவுதான். தட்டில் எண்ணெய் தடவுங்கள், அல்லது நீங்கள் நறுக்காமல் வைத்த முட்டைக்கோஸ் இலைகளை விரித்து அதன் மேல் வையுங்கள். மூடியில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினால் ஆவி திரண்டு டம்ப்ளிங் மேல் சொட்டாது. தண்ணீர் கொதித்த பின்புதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். காய்க்கு எட்டு முதல் பத்து நிமிடம், இறைச்சிக்குப் பன்னிரண்டு.

ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் பொருளுக்கு எது மிகச் சிறந்தது என்று கேட்டால், தயங்காமல் தவாவில் செய்யுங்கள் என்பேன். மொறுமொறுப்பான அடியும் மென்மையான மேல்பக்கமும் ஒரே வாயில் கிடைப்பது இந்த முறையில் மட்டும்தான், முட்டைக்கோஸின் இனிப்புக்கும் அது மிகவும் பொருந்தும். இதில் டம்ப்ளிங் புரண்டு அடிபடுவதும் இல்லை, ஆகவே பிரிந்துவிடுமோ என்ற பயமும் குறைவு. மூடியுள்ள தட்டையான வாணலியில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும், தட்டையான அடி கீழே இருக்கும்படி வரிசையாக அடுக்குங்கள். இரண்டு நிமிடத்தில் அடி வெளிர்ப் பொன்னிறமாகும். இப்போது 100 மில்லி தண்ணீர் ஊற்றி உடனே மூடுங்கள். சீறிக் கிளம்பும், ஆகவே மூடியைக் கையிலேயே வைத்திருங்கள். மிதமான தீயில் ஆறு நிமிடம், இறைச்சி என்றால் எட்டு. மூடியைத் திறந்து, மிச்சத் தண்ணீர் வற்றி, சளசளப்பு நின்று எண்ணெயின் மெல்லிய பொரியும் சத்தம் கேட்கும் வரை விடுங்கள். அந்தச் சத்தம் மாறும் கணத்தைக் கவனித்துக் கேட்டால் கடிகாரமே தேவையில்லை. அடி நன்றாகச் சிவந்ததும் எடுத்து, சிவந்த பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். ஊற்றும் 100 மில்லி தண்ணீரில் பத்து கிராம் மைதாவைக் கரைத்து ஊற்றினால், தண்ணீர் வற்றியதும் டம்ப்ளிங்குகளை இணைத்து ஒரு மெல்லிய மொறுமொறுப்பான வலை உருவாகும். ஜப்பானில் இதைச் சிறகுள்ள கியோஸா என்கிறார்கள். முதல் தடவையே முயன்று பாருங்கள், கடினமானதல்ல.

எண்ணெயில் முழுக்கப் பொரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூரணத்தின் சுவை பின்னுக்குப் போய்விடுகிறது.

தொட்டுக்கொள்ள சோயா சாஸ் இரண்டு பங்கு, வினிகர் ஒரு பங்கு, நசுக்கிய பூண்டு கொஞ்சம். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு, சோயா சாஸ் இல்லையென்றால் உப்பு, நுணுக்கிய மிளகாய், சூடான எண்ணெய். தக்காளி இருந்தால் அடுப்பில் நேரடியாகச் சுட்டு, தோல் உரித்து, மிளகாய், பூண்டு, வறுத்த எள்ளோடு அரையுங்கள். மோமோவுக்கு நேபாளத்தில் செய்யும் துவையல் இந்த வழியில்தான் போகிறது. புளிப்பு மட்டும் ஏதாவது ஒரு வடிவில் இருந்தே ஆக வேண்டும், மாவின் கனத்தை அதுதான் வெட்டுகிறது.

தேய்க்கவும் மடிக்கவும் நேரமோ தெம்போ இல்லாத நாளில் பூரணமே இல்லாத டம்ப்ளிங் இருக்கிறது. ஒரு கிண்ணம் மைதா, ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரை தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் அல்லது எண்ணெய், அரை கிண்ணம் பால். ஈரம் கலக்கும் வரை மட்டும் கிளறி, கொதித்துக்கொண்டிருக்கும் காய்கறிக் குழம்பின் மேலோ சூப்பின் மேலோ கரண்டி கரண்டியாகப் போட்டு, மூடி, சிறு தீயில் பதினைந்து நிமிடம். நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. மேல்பக்கம் வேகுவது முழுக்க அந்த ஆவியால்தான், ஆவி போனால் நடுப்பகுதி மாவாகவே நின்றுவிடும்.

முப்பத்தைந்தையும் ஒரே வேளையில் சாப்பிட முடியாவிட்டால், மடித்தவற்றைப் பச்சையாகவே உறையவையுங்கள். குளிர்ப்பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்தால் மறுநாள் அடி ஊறித் தட்டோடு ஒட்டியிருக்கும், ஃப்ரீசர்தான் சரியான இடம். சைபீரியாவில் குளிர்காலத்தில் பெல்மேனியைக் குவியல் குவியலாகச் செய்து வெளிப் பனியிலேயே உறையவைத்துச் சேமிப்பார்கள். மாவு தூவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, இரண்டு மணி நேரத்தில் கல்லாக இறுகியதும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். இறுகும் முன் பையில் போட்டால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். இரண்டு மாதம் வரை சுவை குறையாது. சமைக்கும்போது பனி இளக விடவே கூடாது. இளகினால் பூரணத்தின் நீர் முழுவதும் மாவில் இறங்கி, நீங்கள் முதலில் கேட்ட அதே வாய் பிளப்பு மீண்டும் நடக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு கொதிநீரில் போட்டு, வழக்கத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வேகவையுங்கள். தவாவில் என்றால் தண்ணீரை 130 மில்லியாக்கி, மூடியிருக்கும் நேரத்தையும் அதே அளவு நீட்டுங்கள்.